கேம் நடுவுல கம்ப்யூட்டர் படுத்தா, கார்டு மேல உடனே பழி போடாதீங்க

ப்ரவுசர் ஓடும், மேட்லேப் ஓடும், யூடியூப்ல 4கே வீடியோ கூட தடங்கல் இல்லாம ஓடும். ஆனா கேம் போட்டு பத்து நிமிஷம் ஆனா போதும், ஸ்கிரீன் கருப்பாகிடும். இல்லைன்னா படம் அப்படியே உறைஞ்சு நிக்கும். இல்லைன்னா மொத்த கம்ப்யூட்டரும் பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும். உடனே பக்கத்து ரூம்ல இருந்து தீர்ப்பு வந்துடும்: "மச்சான், கார்டு போச்சுடா."

அந்தத் தீர்ப்பு சில சமயம் சரியா இருக்கும். தப்பா இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. நல்லா இருக்கிற கார்டை யாருக்கோ பாதி விலைக்கு வித்துட்டு, வீட்டுல கெஞ்சி காசு வாங்கி, புதுக் கார்டு வாங்கி மாட்டுறீங்க. பத்தாவது நிமிஷம் அதே கருப்பு ஸ்கிரீன். நம்ம கம்ப்யூட்டர்ல விலை அதிகமான பார்ட்டே கார்டுதான். அதனால அதை மாத்துறது கடைசி ஸ்டெப்பா இருக்கணும். அதுக்கு முன்னாடி, காசு செலவில்லாம, எந்த வரிசையில எதைச் சோதிக்கணும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் கேம் போடும்போது மட்டும்?

சும்மா டெஸ்க்டாப்ல இருக்கும்போது ஒரு நடுத்தர கார்டு 10, 20 வாட் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். கேம் தொடங்கியதும் அதே கார்டு தன் முழு அளவுக்குப் போகும். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், 3070 என்றால் 220 வாட், 3080 என்றால் 320 வாட். அதே நேரத்துல ப்ராசஸரும் ரேமும் வேலை செய்யுது, கேபினெட் உள்ளே சூடு ஏறுது, எஸ்எம்பிஎஸ் எல்லாத்துக்கும் சேர்த்து கரண்ட் கொடுக்குது.

அதாவது கேம் என்பது கார்டுக்கு மட்டும் வைக்கிற பரீட்சை இல்லை. மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே நேரத்துல வைக்கிற பரீட்சை. அதுல எந்தப் பார்ட் பலவீனமா இருக்கோ அது ஃபெயில் ஆகும். ஆனா எந்தப் பார்ட் ஃபெயில் ஆனாலும் நம்ம கண்ணுக்குத் தெரியுறது ஸ்கிரீன் மட்டும்தான். ஸ்கிரீனுக்குப் படம் அனுப்புறது கார்டு. அதனாலதான் எல்லாப் பழியும் அது தலையில விழுது.

குற்றவாளி வேற ஆளா இருந்த கதை

இதுக்கு நல்ல உதாரணம் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். அன்ரியல் எஞ்சின்ல செஞ்ச பல கேம்கள் அந்த ப்ராசஸர்கள்ல க்ராஷ் ஆச்சு. திரையில வந்த எரர், வீடியோ மெமரி போதவில்லை என்பது. 24 ஜிபி வி-ரேம் இருக்கிற கார்டுலயும் அதே எரர். அதைப் படிச்சா யாருக்கா இருந்தாலும் கார்டு மேலதான் சந்தேகம் வரும்.

உண்மையில கேம் தொடங்கும்போது ஷேடர் தயாரிக்கிறது, சுருக்கி வெச்ச ஃபைல்களை விரிக்கிறது எல்லாம் ப்ராசஸரோட வேலை. ப்ராசஸர் அந்தக் கணக்கைத் தப்பா போட்டுச்சு, தப்பான தகவல் போய்ச் சேர்ந்த இடத்துல எரர் வந்துச்சு. 2024 ஏப்ரல்ல என்விடியாவே, இந்த எரர் வர்றவங்க இன்டெல் சப்போர்ட்டைப் பாருங்கன்னு சொல்லிடுச்சு. 2024 ஜூலையில இன்டெல், மைக்ரோகோடு தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டதுதான் காரணம்னு ஒத்துக்கிட்டது. ஆகஸ்ட்ல 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு அப்டேட் வந்தது. வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டினாங்க. ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை அந்த அப்டேட் சரி பண்ணாது. அதுக்கு மாத்தித்தான் ஆகணும்.

எரர்ல "வீடியோ" என்ற வார்த்தை இருந்ததை வெச்சு கார்டை மாத்தியவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. எரர் மெசேஜ் சொல்றது, பிரச்சினை எங்கே வெளியில தெரிஞ்சது என்பதைத்தான். எங்கே ஆரம்பிச்சது என்பதை நாமதான் கண்டுபிடிக்கணும்.

முதல்ல, எப்படிப் படுக்குதுன்னு பாருங்க

டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு மட்டும் சொன்னா அவர் என்ன மருந்து கொடுப்பார்? "க்ராஷ் ஆகுது" என்பதும் அதே மாதிரிதான். க்ராஷ்ல பல வகை இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் கை காட்டும்.

ஒரே ஒரு கேம் மட்டும் மூடிக்கிட்டு டெஸ்க்டாப்புக்கு வருது, மத்த கேம் எல்லாம் மணிக்கணக்கா ஓடுதுன்னா, அந்தக் கேம் மேலதான் முதல் சந்தேகம். ஸ்டீம்ல கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கு, அதை ஓட்டுங்க. ஓவர்லே, மாட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பாருங்க.

ஸ்கிரீன் சில விநாடி கருப்பாகி, கேம் மூடி, டெஸ்க்டாப் திரும்ப வந்தால், அது விண்டோஸ் செய்த முதலுதவி. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இந்த ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலைக்கு கார்டு 2 விநாடிக்குள் பதில் தரவில்லை என்றால், டிரைவரை விண்டோஸ் ரீசெட் பண்ணும். அதுக்குப் பேர் டிடிஆர். ரீசெட்டும் பலிக்கலைன்னா ப்ளூ ஸ்கிரீன். அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில 8, 10ன்னு ஏத்தச் சொல்லி நிறைய வீடியோ இருக்கு. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுற வைத்தியம் அது.

எந்த எச்சரிக்கையும் இல்லாம மொத்த சிஸ்டமும் ஆஃப் ஆகுது, இல்லைன்னா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா, மின்சாரம் வர்ற பாதை மேல சந்தேகம். ஸ்கிரீன் கருப்பு, கார்டு ஃபேன் மட்டும் ஃபுல் ஸ்பீடுல கத்துது, ஹெட்செட்ல கேம் சத்தம் இன்னும் கேக்குதுன்னா, சிஸ்டம் உயிரோட இருக்கு, கார்டு மட்டும் தொடர்பை இழந்திருக்கு. இதுல பவர், சூடு, கார்டு மூணுமே சாத்தியம். திரையில கலர் கலரா புள்ளி, கட்டம் கட்டமா கோலம் மாதிரி வந்தா வி-ரேம் மேல சந்தேகம்.

அடுத்து லாக். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று டைப் செய்தால் ரிலையபிலிட்டி மானிட்டர் வரும். எந்த நாளில் எது படுத்தது என்று நாட்காட்டி மாதிரி காட்டும். இன்னும் விவரம் வேணும்னா ஈவென்ட் வியூவர். அதுல டிஸ்ப்ளே 4101 இருந்தா டிடிஆர் நடந்திருக்கு என்று அர்த்தம். டபிள்யூஹெச்இஏ லாகர் என்று வந்தா ஹார்டுவேர் தானே ஒரு பிழையைப் பதிவு பண்ணியிருக்கு. பெரும்பாலும் ப்ராசஸர், ரேம், பிசிஐஇ பக்கம் பார்க்கணும்.

ரொம்பப் பேரை ஏமாத்துறது கெர்னல் பவர் 41. பேர்ல பவர் இருக்கிறதால எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. சிஸ்டம் முறையா ஷட் டவுன் ஆகாம நின்னது என்பதைத் தவிர அது வேற எதுவும் சொல்லலை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சாலும் அதே 41தான் வரும்.

வேலையைத் தொடங்கும் முன் ரெண்டு விதி

ஒண்ணு, ஒரு நேரத்துல ஒரே மாற்றம். டிரைவர், தெர்மல் பேஸ்ட், ரேம் செட்டிங் மூணையும் ஒரே ராத்திரியில மாத்தி, க்ராஷ் நின்னுடுச்சுன்னா, எதனால நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. மறுபடி வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ரெண்டு, எத்தனை நிமிஷத்துல க்ராஷ் வருதுன்னு முதல்லயே எழுதி வெச்சுக்கோங்க. வழக்கமா 20 நிமிஷத்துல வருதுன்னா, ஒரு மாற்றம் பண்ணிட்டு 25 நிமிஷம் ஓடினதும் "சரியாகிடுச்சு"ன்னு கொண்டாட வேண்டாம். குறைஞ்சது மூணு மடங்கு நேரம் ஓடணும். அதே கேம், அதே மேப், அதே செட்டிங். லேப்ல ரீடிங் எடுக்கிற மாதிரியே.

ஸ்டெப் 1: எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டு வாங்க

ஓவர்கிளாக், அண்டர்வோல்ட், மாத்தின ஃபேன் கர்வ் எல்லாத்தையும் ரீசெட் பண்ணுங்க. பயாஸ்ல ரேமுக்கு எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் பண்ணியிருந்தா, சோதனைக்காக ஆஃப் பண்ணுங்க. அந்தப் ப்ரொஃபைல் ரேம் பெட்டியிலேயே அச்சடிச்சிருந்தாலும், அடிப்படை வேகத்துக்கு மேல ஓட்டுறதுதான் அது. உங்க ப்ராசஸரும் மதர்போர்டும் அதைத் தாங்கியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

கார்டே கம்பெனியில ஓவர்கிளாக் பண்ணி வந்த மாடலா இருக்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல கோர் கிளாக்கை 50, அப்புறம் 100 மெகாஹெர்ட்ஸ் குறைச்சுப் பாருங்க. க்ராஷ் நின்னுட்டா, அந்த வேகத்துல கார்டு நிலையா நிக்கலைன்னு தெரிஞ்சுக்கலாம்.

ஸ்டெப் 2: டிரைவர்

பழைய டிரைவர் மேலேயே புதுசு புதுசா போட்டுக்கிட்டே போனா மிச்சம் மீதி தங்கும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமா டிடியு என்ற இலவச டூல் இருக்கு. சேஃப் மோடுல போய் அதை ஓட்டினா பழையது சுத்தமா போயிடும். நெட்டைத் துண்டிச்சுட்டு இதைப் பண்ணுங்க, இல்லைன்னா நடுவுல விண்டோஸ் அப்டேட் தானா ஒரு டிரைவரை இறக்கிடும்.

அதுக்கு அப்புறம் லேட்டஸ்ட் டிரைவர்தான் போடணும்னு இல்லை. போன மாசம் வரைக்கும் நல்லா ஓடியதுன்னா, போன மாச டிரைவரைப் போட்டுப் பாருங்க.

டிரைவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆர்டிஎக்ஸ் 3080 சாட்சி. 2020 செப்டம்பர் 17 அன்று விற்பனைக்கு வந்தது. சில நாளிலேயே, கிளாக் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிப் போகும்போது க்ராஷ் ஆகுதுன்னு புகார் குவிஞ்சது. கார்டுக்குப் பின்னாடி எந்த வகை கெப்பாசிட்டர் வெச்சாங்க என்று இணையமே சண்டை போட்டது. செப்டம்பர் 28ல 456.55 டிரைவர் வந்ததும், ஒரு கெப்பாசிட்டரைக்கூடத் தொடாமலேயே நிறையப் பேருக்கு க்ராஷ் நின்னது. விளிம்புல நிக்கிற ஹார்டுவேரை டிரைவர் கொஞ்சம் உள்ளே இழுத்துக் காப்பாத்தும், வெளியே தள்ளியும் விடும்.

ஸ்டெப் 3: சூடு

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி, லாகிங் ஆன் பண்ணிட்டு கேம் ஆடுங்க. க்ராஷ் ஆனதும் அந்த சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல திறந்து கடைசி சில வரிகளைப் பாருங்க. விமானத்துக்கு ப்ளாக் பாக்ஸ் மாதிரி, உங்க கம்ப்யூட்டரோட கடைசி விநாடிகள் அதுல இருக்கும்.

பார்க்க வேண்டியது மூணு: கோர் சூடு, ஹாட்ஸ்பாட், மெமரி சூடு. பொதுவா எல்லாரும் முதலாவதை மட்டும் பார்த்துட்டு "70தான் இருக்கு, பிரச்சினை இல்லை"ன்னு சொல்லிடுவாங்க. ஹாட்ஸ்பாட் என்பது சிப்பில் இருக்கும் பல சென்சார்களில் அதிகமாகக் காட்டும் இடம். கோர் 70, ஹாட்ஸ்பாட் 105 என்று இருந்தா, ஹீட்சிங்க் சிப் மேல சரியா உக்காரலை அல்லது பேஸ்ட் காஞ்சுபோச்சு. ஏஎம்டி கார்டுகளில் ஹாட்ஸ்பாட் வரம்பு 110 டிகிரி. என்விடியா 30 சீரிஸ்ல கோர் வரம்பு 3080 மாதிரி கார்டுகளுக்கு 93 டிகிரி.

ஒரு விஷயம் நினைவில் வையுங்க. வரம்பைத் தொட்டதும் கார்டு முதலில் வேகத்தைத்தான் குறைக்கும், எஃப்பிஎஸ் விழும். அதையும் தாண்டினால்தான் ஆஃப் ஆகும். அதனால கடைசி வரியில சூடு 65ன்னு இருந்தா, கேபினெட்டைத் துடைச்சுக்கிட்டே நேரத்தை வீணாக்காதீங்க. பிரச்சினை வேற இடத்துல.

ஏசி இல்லாத ரூம்ல மே மாசம் 38 டிகிரி இருக்கும்போது, டிசம்பர்ல பார்த்த ரீடிங்கை விட 10 டிகிரிக்கு மேல ஏறுறது சகஜம். கேபினெட் பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டிட்டு, டேபிள் ஃபேனை நேரா திருப்பி வெச்சு ஆடிப் பாருங்க. க்ராஷ் நின்னா காத்தோட்டம்தான் குறை. தூசியைச் சுத்தம் பண்ணும்போது கார்டு ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க. ப்ளோயர் காத்துல அது தாறுமாறா சுத்தினா பேரிங் போயிடும்.

ஸ்டெப் 4: மின்சாரம்

நம்ம ஊர்ல அதிகம் கவனிக்காம விடுற இடம் இதுதான். பட்ஜெட் போடும்போது ப்ராசஸருக்கும் கார்டுக்கும் காசு ஒதுக்கிட்டு, மிச்சத்துல எஸ்எம்பிஎஸ் வாங்குவோம்.

சாக்கெட்டிலிருந்து தொடங்குவோம். கம்ப்யூட்டரை 600 விஏ யுபிஎஸ்ல மாட்டியிருக்கீங்களா? அந்த வகை யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைக்கும்தான் தாங்கும். மானிட்டரும் அதுலயேன்னா, கேம் லோடு ஏறினதும் ஓவர்லோடு ஆகி பீப் அடிச்சு ஆஃப் ஆகும். யுபிஎஸை விட்டுட்டு நேரா சுவர் ப்ளக்ல மாட்டி ஆடிப் பாருங்க.

அடுத்து கேபிள். பிசிஐஇ ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் கனெக்டர் வழியாக 75 வாட், 8 பின் வழியாக 150 வாட் என்பது கணக்கு. கார்டுல ரெண்டு 8 பின் இருந்தா, எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனித்தனியா ரெண்டு கேபிள் போகணும். ஒரே கேபிளோட நுனியில ரெண்டு தலை இருக்கும், அதை வெச்சே ரெண்டையும் மாட்டிடுவோம். அப்போ மொத்த கரண்டும் ஒரே கேபிள்ல போகுது. புதுக் கார்டுகள்ல வர்ற 16 பின் கனெக்டர்னா, முழுசா உள்ளே போயிருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. 2022ல ஆர்டிஎக்ஸ் 4090 வந்தப்ப அந்த கனெக்டர் உருகினதுக்கு, முழுசா மாட்டாம விட்டது ஒரு முக்கியக் காரணமா சொல்லப்பட்டது.

"650 வாட் எஸ்எம்பிஎஸ், 220 வாட் கார்டு, எப்படிப் பத்தாம போகும்?" என்று கேட்கலாம். 220 வாட் என்பது சராசரி. மைக்ரோ விநாடி கணக்கில் கார்டு அதைவிட ரொம்ப மேலே தாவும். அந்தத் தாவலைச் சமாளிக்க முடியாத எஸ்எம்பிஎஸ், ஆபத்துன்னு நினைச்சு தன்னையே ஆஃப் பண்ணிக்கும். இதுக்காகவே 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள்ல, 16 பின் கனெக்டர் உள்ள பெரிய எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல 200 சதவீதத்தை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்கணும்னு சேர்த்தாங்க. 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், இந்தத் தாவலைப் பிடிக்காது. இசிஇ லேப் ஆசிலோஸ்கோப் வேணும்.

ஆசிலோஸ்கோப் இல்லாமலேயே ஒரு சோதனை இருக்கு. ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்க, எஃப்பிஎஸையும் 60க்குக் கட்டிப்போடுங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியரோட கேஸ் இது. 3070 கார்டு, பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ், ஒரே கேபிள்ல ரெண்டு தலை. கேம்ல வெடி வெடிக்கிற சீன் வந்தா சிஸ்டமே ரீஸ்டார்ட். கடையில கார்டு சிப் போச்சுன்னு சொல்லிட்டாங்க, அவனும் விக்கிறதுக்கு போட்டோ எடுத்துட்டான். பவர் லிமிட்டை 70க்கு இறக்கினோம், மூணு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. 100க்கு ஏத்தினோம், கால் மணி நேரத்துல ரீஸ்டார்ட். அடுத்த ரூம்ல இருந்து 650 வாட் எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டினோம், 100லயும் நிக்கவே இல்லை. அதே கார்டு இன்னும் ஓடிட்டு இருக்கு. அவன் வாங்கினது ஒரு எஸ்எம்பிஎஸ் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க. ப்ளக்கைக் கழட்டின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவுக்கு சார்ஜ் இருக்கலாம். கேபிள் கழட்டும்போது ஒரு விஷயம்: மாடுலர் எஸ்எம்பிஎஸ்னா, வேற மாடலோட கேபிளை மாட்டவே கூடாது. கனெக்டர் பொருந்தினாலும் பின் வரிசை மாறும், கார்டு புகையும்.

ஸ்டெப் 5: ரேம், ப்ராசஸர், ஸ்லாட்

மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென் டிரைவ்ல போட்டு, ராத்திரி தூங்கும்போது ஓட விடுங்க. காலையில ஒரே ஒரு எரர் இருந்தாலும் அது எரர்தான். "ஒண்ணுதானே"ன்னு விடக்கூடாது. ரெண்டு ரேம் குச்சி இருந்தா ஒண்ணொண்ணா மாட்டி ஓட்டி, எதுன்னு கண்டுபிடிக்கலாம். பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாருங்க. இன்டெல் 13, 14 தலைமுறைன்னா இது கட்டாயம்.

அப்புறம் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிட்டு, கார்டைக் கழட்டி மறுபடி மாட்டுங்க. பெரிய கார்டுகள் தன் எடையிலேயே கீழே தொங்கும், ஸ்லாட்ல தொடர்பு லேசா விடும். ரைசர் கேபிள் வெச்சு கார்டை நிமித்தி மாட்டியிருந்தா, அதை நீக்கி நேரா ஸ்லாட்ல போட்டுப் பாருங்க. பயாஸ்ல பிசிஐஇ வேகத்தை ஜென் 4ல இருந்து ஜென் 3க்கு இறக்கினதும் க்ராஷ் நின்னா, குறை ரைசர்லயோ ஸ்லாட்லயோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டெப் 6: இடமாற்றம்

இதுவரைக்கும் விடை கிடைக்கலைன்னா, கடைசி சோதனை. உங்க கார்டை ஒரு ஃப்ரெண்ட் சிஸ்டத்துல மாட்டி அதே கேமை ஆடுங்க. அங்கேயும் படுத்தா கார்டுதான். அங்கே நல்லா ஓடினா, அவன் கார்டை உங்க சிஸ்டத்துல மாட்டுங்க. அதுவும் இங்கே படுத்தா, உங்க சிஸ்டத்துல வேற ஏதோ. போகும் முன் அவனோட எஸ்எம்பிஎஸ் உங்க கார்டைத் தாங்குமான்னு பாருங்க, இல்லைன்னா சோதனையே தப்பாகும்.

ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடிச்சு, அதனால கார்டு நல்லா இருக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபர்மார்க் பவர் லிமிட்டை உடனே முட்டிடும், அதனால கார்டு கிளாக்கை இறக்கிக்கிட்டு ஓடும். லேசான கேம்ல, மெனு ஸ்கிரீன்ல, கிளாக் உச்சத்துக்குப் போகும். அங்கே படுக்கிற கார்டு ஃபர்மார்க்ல பாஸ் ஆகலாம். சூட்டைச் சோதிக்க அது சரி, நிலைத்தன்மைக்கு அது மட்டும் சாட்சி ஆகாது. ஓசிசிடி டூல்ல இருக்கிற வி-ரேம் டெஸ்ட்டும் சேர்த்து ஓட்டுங்க.

நிஜமாவே கார்டுதான்னா

சில சமயம் தீர்ப்பு சரிதான். பயாஸ் ஸ்கிரீன்லயே புள்ளி தெரியுது, வி-ரேம் டெஸ்ட்ல எரர், ரெண்டு வேற சிஸ்டத்துல படுக்குதுன்னா, கார்டு பழுது. 2021 ஜூலையில நியூ வேர்ல்டு கேமோட பீட்டா வந்தப்ப சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போச்சு. மெனு ஸ்கிரீன்ல எஃப்பிஎஸ் கட்டுப்பாடு இல்லாம எகிறினதுன்னு எல்லாரும் கேமைத் திட்டினாங்க, கேம் கம்பெனியும் மெனுவுக்கு எஃப்பிஎஸ் வரம்பு போட்டது. திரும்ப வந்த கார்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஈவிஜிஏ, மாஸ்ஃபெட் சர்க்யூட்டைச் சுத்தி சால்டரிங் சரியில்லைன்னு சொல்லி மாத்திக் கொடுத்தது. கேம் அந்தக் குறையை வெளியே கொண்டு வந்தது, உருவாக்கலை.

வாரண்டி இருந்தா கார்டைத் திறக்காதீங்க, ஸ்டிக்கரைக் கிழிக்காதீங்க. க்ராஷ் வீடியோ, லாக், நீங்க செஞ்ச சோதனைகளோட பட்டியல் மூணையும் சேர்த்துக் கொடுங்க. "எல்லா சோதனையும் பண்ணிட்டேன், வேற சிஸ்டத்துலயும் படுக்குது"ன்னு ஆதாரத்தோட போனா, சர்வீஸ் சென்டர்ல "டிரைவர் மாத்திப் பாருங்க"ன்னு திருப்பி அனுப்புறது கஷ்டம்.

வாரண்டி முடிஞ்ச கார்டை ஓவன்ல வெச்சு சுட்டா சரியாகும்னு ஒரு பழைய வைத்தியம் சுத்துது. ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரி வேணும், அந்தச் சூட்டுல கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக்கும் என்ன ஆகும்னு யோசிங்க. சில நாள் ஓடினாலும் அது நிரந்தரத் தீர்வு ஆகாது. அதே ஓவன்ல யாரும் சமைக்கவும் கூடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு: 2022 செப்டம்பர் 15ல எதீரியம் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலா ஓடின கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தது. மைனிங் பண்ண கார்டெல்லாம் குப்பைன்னு அர்த்தம் இல்லை. ஆனா ஃபேனும், மெமரி மேல இருக்கிற தெர்மல் பேடும் தேய்ஞ்சிருக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, ஆன்லைனோ, காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டி, ஹாட்ஸ்பாட்டையும் மெமரி சூட்டையும் பாருங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா, வேற கார்டு பாருங்க.

லேப்டாப்காரங்களுக்கு

நம்மள்ல பாதிப் பேர்கிட்ட லேப்டாப்தான். அதுல கார்டைக் கழட்ட முடியாது, ஆனா வரிசை அதேதான். கூட வந்த சார்ஜரையே போடுங்க. 230 வாட் கேக்கிற லேப்டாப்புக்கு 65 வாட் டைப் சி சார்ஜர் போட்டு கேம் ஆடினா, பேட்டரியும் சேர்ந்து இறங்கும், எஃப்பிஎஸ் விழும். மெத்தை மேல வெச்சு ஆடாதீங்க, காத்து உள்ளே போற ஓட்டை கீழேதான் இருக்கு. புது டிரைவர் தகராறு பண்ணினா, லேப்டாப் கம்பெனியோட தளத்துல உங்க மாடலுக்குன்னு கொடுத்திருக்கிற டிரைவரைப் போட்டுப் பாருங்க.

இன்னைக்கே பண்ண வேண்டிய ஒரு வேலை

உங்க சிஸ்டம் இப்போ நல்லா ஓடுதா? அப்போ இன்னைக்கே ஹெச்டபிள்யூ இன்ஃபோ போட்டு, வழக்கமா ஆடுற கேமை அரை மணி நேரம் ஆடி, ஒரு லாக் எடுத்து வெச்சுக்கோங்க. கோர், ஹாட்ஸ்பாட், மெமரி சூடு, கிளாக், வாட், டிரைவர் நம்பர், தேதி. பிரச்சினை வந்த அப்புறம் "88 டிகிரி அதிகமா, சாதாரணமா?"ன்னு குழம்பாம இருக்க, ஆரோக்கியமா இருந்தப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியணும். அந்த ஒரு ஃபைலும், மேலே சொன்ன வரிசையும் இருந்தா, அடுத்த தடவை யாராவது "கார்டு போச்சு"ன்னு சொல்லும்போது, "எந்த சோதனையில தெரிஞ்சது?"ன்னு நீங்க திருப்பிக் கேக்கலாம்.